ஏழு வருடமாக ஒரு பிரெஞ்சு பிரஸ்

பிரெஞ்சு பிரஸ், அதாவது காபிப் பொடியை வெந்நீரில் ஊறவைத்துத் தண்டில் மாட்டிய சல்லடையால் அழுத்தி வடிக்கும் குடுவை, வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "குடித்து முடித்ததும் சல்லடையைக் கழுவப் பொறுமை இருக்கிறதா?" காபி பிடிக்குமா, எந்த ஊர்க் கொட்டை, எவ்வளவு பணம் என்பதெல்லாம் அப்புறம். 2018 டிசம்பரில் நான் வாங்கிய பிரஸ் இன்றும் எங்கள் அடுப்பு மேடையில் நிற்கிறது. ஊரில் இல்லாத நாட்கள் போக, அதைத் தொடாத நாளே கிடையாது. இதற்குள் கண்ணாடிக் குடுவை இரண்டு முறை மாறியது, சல்லடை மூன்று முறை மாறியது. ஸ்டீல் சட்டமும் தண்டும் மூடியும் மட்டும் அன்று வாங்கியவை.

ஆசை வந்தது சிக்மகளூரில். நானும் கணவரும் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். காலையில் அந்த வீட்டம்மா ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். உள்ளே பொடியும் வெந்நீரும். மேலே பழுப்பு நிறத்தில் தடிப்பாக ஒரு நுரை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, மூடியில் இருந்த குமிழை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். சல்லடை இறங்கி, பொடி முழுவதும் அடியில் தங்கியது. பால் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாய் குடித்தபோது ஆரஞ்சுத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அந்த மணம் லேசாக அடித்தது. அவர்கள் தோட்டத்தில் ஆரஞ்சு மரமும் மிளகுக் கொடியும் காபிச் செடிகளுக்கு நடுவே இருந்தன. அதனால்தானோ என்று கேட்டேன். இந்தக் கொட்டையின் குணமே அதுதான் என்று சொல்லிச் சிரித்தார். கால் கிலோ அரபிகாக் கொட்டை வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் திரும்பினோம். அப்போது அங்கேதான் இருந்தோம்.

அந்த வாரமே 600 மில்லி பிரஸ் ஒன்று வாங்கினேன். கொட்டை தீர்ந்ததும் செய்த முதல் தவறு, வீட்டில் பில்டருக்கு வாங்கும் பொடியையே இதிலும் போட்டது. அது 70க்கு 30 சிக்கரி கலந்த பொடி. நான்கு நிமிடம் கழித்து அழுத்தினால் தண்டு பாதியில் நின்றுவிட்டது. இன்னும் பலமாக அழுத்தினேன். குடுவை சட்டத்துக்குள் சாய்ந்து, மூடியின் ஓரம் வழியாகக் கொதிக்கிற காபி என் மணிக்கட்டில் தெறித்தது. கொப்புளம் ஆற ஒரு வாரம் ஆனது. ஊற்றிப் பார்த்தால் காபி வண்டல் தண்ணீர் மாதிரி கலங்கியிருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. தண்ணீர் பட்டால் அதில் பெரும்பகுதி கரைந்து தண்ணீரைக் கெட்டியாக்கும். பில்டரில் அந்தக் குணம் நமக்கு உதவுகிறது: நெருக்கமான பொடிப் படுகை வழியாகக் கொஞ்சம் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்க, டிகாஷன் கெட்டியாகவும் கறுப்பாகவும் வரும். பிரஸ்ஸில் பொடி முழுவதும் தண்ணீரில் மிதந்து ஊறுகிறது. நுண்ணிய பொடியும் கரைந்த சிக்கரியும் சேர்ந்து சல்லடையின் கண்களை அடைத்துவிடும். தண்டு இறங்காவிட்டால் ஒருபோதும் பலம் கொடுக்காதீர்கள். ஒரு அங்குலம் மேலே தூக்கி, அரை நிமிடம் விட்டு, மறுபடி மெதுவாக இறக்குங்கள். அப்போதும் இறங்காவிட்டால் மூடியைத் தண்டோடு எடுத்துவிட்டு, டீ வடிகட்டி வைத்து ஊற்றிக் குடித்துவிடுங்கள்.

பொடி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிக்கரி கலந்த காபியில் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று சதவீதம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். சிக்கரி 49 சதவீதம் வரை இருக்கலாம். பிரஸ்ஸுக்குச் சிக்கரியே இல்லாத பொடிதான் வேண்டும். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் நான் அப்போது வழக்கமாக வாங்கிய பொடிக்கடையில், சுத்தமான பீபெரியை (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) கொரகொரப்பாக அரைத்துக் கொடுங்கள் என்றபோது கடைக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

"அக்கா, இந்த அரைப்புல பில்டர்ல போட்டா தண்ணி நிக்காதுங்க, அப்படியே ஓடிப்போயிரும்."

"பில்டருக்கு இல்லீங்கண்ணா, இது ஊறவெச்சு வடிக்கிறதுக்கு."

"அப்படின்னா சரிங்க," என்று மெஷினின் திருகைத் திருப்பினார். அடுத்த மாதம் போனபோது நான் கேட்பதற்கு முன்பே அந்த அளவில் வைத்து அரைத்துக் கொடுத்தார். உங்கள் ஊர்ப் பொடிக்கடையிலும் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

கொரகொரப்பு என்றால் எவ்வளவு? பொடியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் ரவையைவிடப் பருமனாக, கஞ்சிக்கு உடைக்கும் நொய்யைவிடக் கொஞ்சம் சன்னமாக இருக்க வேண்டும். விரலில் மாவு ஒட்டக் கூடாது. மிக்ஸியில் அரைக்க நானும் முயன்று பார்த்தேன். எவ்வளவு விட்டு விட்டு ஓட்டினாலும் ஒரு பக்கம் மாவும் ஒரு பக்கம் கல்லுமாகத்தான் வருகிறது. மாவு கசப்பை இறக்கும், கல் ஊறவே ஊறாது, இரண்டும் ஒரே கோப்பையில் சேர்ந்துவிடும். 2019 நடுவில், உள்ளே பற்சக்கரம் வைத்த கை அரவை ஒன்று வாங்கினேன். கொட்டையைக் கத்தி வெட்டுவது வேறு, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நசுக்கி அரைப்பது வேறு. இதில் எல்லாத் துணுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் விழும். 30 கிராம் அரைக்க எனக்கு மூன்று நிமிடம் ஆகிறது, தண்ணீர் கொதிக்கவும் அதே நேரம்தான். பிரஸ்ஸுக்கு 1,000 ரூபாய், அரவைக்கு 2,000 ரூபாய் என்று பிரித்தால் சரியாக இருக்கும். விலை உயர்ந்த பிரஸ் வாங்கிவிட்டு மிக்ஸியில் அரைத்தால் அந்தப் பணம் வீண்.

நான் போடும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 450 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் பொடி, அதாவது ஒன்றுக்குப் பதினைந்து. முதலில் வெறும் குடுவையில் வெந்நீர் ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிடுவேன், குடுவை சூடாகிவிடும். பொடியைப் போட்டு, கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன தண்ணீரை எல்லாப் பொடியும் நனைகிற மாதிரி ஊற்றுவேன். மூடியைத் தண்டு மேலே நிற்கும்படி வைப்பேன். நான்கு நிமிடம். பிறகு மூடியை எடுத்தால் மேலே பொடி ஒரு ஆடை மாதிரி கட்டியிருக்கும். மரக் கரண்டியால் மூன்று தரம் கலக்கினால் அது உடைந்து, பெரும்பகுதி அடியில் போய்விடும். மேலே மிச்சம் நிற்கும் நுரையையும் துணுக்குகளையும் இரண்டு கரண்டியால் வழித்து எடுத்துவிடுவேன். இன்னும் இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விட்டு, அப்புறம்தான் அழுத்துவேன். அதுவும் அடிவரை போட்டு நசுக்குவதில்லை. சல்லடை சக்கையைத் தொட்டதும் கை நின்றுவிட வேண்டும். நசுக்கினால் சக்கை கிளம்பி மேலே வந்து கோப்பை கலங்கும்.

ஊற்றத் தொடங்கினால் எல்லாவற்றையும் ஊற்றிவிட வேண்டும். அழுத்தியாயிற்றே என்று பாதியைக் குடுவையிலேயே வைத்தால் அடியில் இருக்கும் சக்கை ஊறிக்கொண்டே இருக்கும். இருபது நிமிடம் கழித்து இரண்டாவது கோப்பை ஊற்றினால் நாக்கின் பின்பக்கம் பிடித்துக்கொள்கிற கசப்பு. மிச்சத்தை ஒரு சின்ன பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுங்கள். கோப்பையின் அடியில் ஒரு விரல் கனம் மண்டி எப்படியும் தங்கும். அதைக் குடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாலோடு எப்படி இருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் மாமியார் முதல் தரம் குடித்துவிட்டு, "கண்ணு, டிகாஷன் பத்தல போல இருக்குது," என்றார். அவர் சொன்னது சரி. பில்டர் டிகாஷனின் அடர்த்தி பிரஸ்ஸில் வராது. டம்ளர் முக்கால் வரை பால் ஊற்றி அதில் டிகாஷன் விடும் பழக்கத்தில் இதைக் கலந்தால் காபி வாசனை அடிக்கும் பால்தான் கிடைக்கும். பால் வேண்டுமானால் 400 மில்லி தண்ணீருக்கு 40 கிராம் பொடி போட்டு, கொஞ்சம் கருக வறுத்த கொட்டையாக எடுத்து, கோப்பையில் கால் பங்குக்கு மேல் பால் விடாமல் குடியுங்கள். எங்கள் வீட்டில் பித்தளை பில்டர் அதன் இடத்தில் இருக்கிறது. காலை ஆறு மணிக் காபி அதில்தான். பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் கறுப்பாகக் குடிப்பது பிரஸ்ஸில். ஒன்றை வைத்து இன்னொன்றை விரட்ட நினைத்திருந்தால் இரண்டு மாதத்தில் பிரஸ்ஸைப் பரணில் போட்டிருப்பேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் முதலாவது அளவு. பெட்டியில் '8 கப்' என்று போட்டிருக்கும். அந்தக் கப் ஏறக்குறைய 120 மில்லி, நம் வீட்டுக் காபிக் கோப்பையே அதைவிடப் பெரியதாக இருக்கும். 8 கப் என்றால் ஒரு லிட்டர், 3 கப் என்றால் 350 மில்லி. ஒரு ஆளுக்கு 350, இரண்டு பேருக்கு 600, நாலு பேர் கறுப்பாகக் குடிக்கும் வீடு என்றால் மட்டும் ஒரு லிட்டர். என் தம்பி தனி ஆள், பெரியது இருந்தால் நல்லது என்று ஒரு லிட்டர் வாங்கினான். அதில் ஒரு கோப்பை அளவுக்குத் தண்ணீர் விட்டால் சல்லடை தண்ணீரையே சரியாகத் தொடுவதில்லை, குடுவையில் காலி இடம் அதிகமானதால் காபியும் சீக்கிரம் ஆறிவிடுகிறது.

இரண்டாவது, கண்ணாடியா ஸ்டீலா. கண்ணாடி என்றால் போரோசிலிகேட் என்று எழுதியிருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக் குடுவைகளும் அதே கண்ணாடிதான். சூட்டில் அது விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கு, அதனால் கொதிக்கும் தண்ணீரைத் தாங்குகிறது. ஆனால் உட்பக்கம் ஒரு சின்னக் கீறலோ சில்லு பெயர்ந்த இடமோ இருந்தால் அந்தத் தாங்கும் சக்தியை நம்ப முடியாது. இரட்டைச் சுவர் ஸ்டீல் பிரஸ் விழுந்தாலும் உடையாது, அரை மணி நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். அலுவலகத்துக்கு நான் வைத்திருப்பது அதுதான். குறை என்னவென்றால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. புதிதாகப் பழகுபவர் கண்ணாடியில் தொடங்குவது நல்லது. பொடி மேலே எழும்புவதும் ஆடை கட்டுவதும் கலக்கினதும் இறங்குவதும் கண் முன்னே நடக்கும்போது தவறு எங்கே என்று சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கடையிலேயே தண்டின் அடியில் இருக்கும் தட்டைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மூன்று துண்டுகள் வர வேண்டும்: அடியில் குறுக்குத் தட்டு, நடுவில் சல்லடை, மேலே சுருள் கம்பி சுற்றிய தட்டு. கழற்ற முடியாமல் ஒன்றாக அடித்து ஒட்டியிருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அந்தச் சுருள் கம்பிதான் சல்லடையின் ஓரத்தைக் குடுவைச் சுவரோடு நெருக்கிப் பிடிக்கிறது. பொடி பக்கவாட்டில் ஏறி வராமல் இருப்பது அதனால்தான். துணியையோ சல்லடையையோ தண்டில் கட்டி அழுத்தும் யோசனை 1852லேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருக்கிறது. 1929இல் மிலானைச் சேர்ந்த கலிமானி, மொனேட்டா என்ற இரண்டு இத்தாலியர்கள் பெற்ற காப்புரிமையைத்தான் இன்றைய பிரஸ்ஸின் மூதாதை என்பார்கள். பெயர் பிரெஞ்சு, வேலை பாதி இத்தாலியர்களுடையது. அத்தனை பேரும் மல்லுக்கட்டியது சுவருக்கும் சல்லடைக்கும் நடுவே உள்ள அந்த இடுக்கோடுதான். இன்றும் மலிவான பிரஸ் தோற்பது அங்கேதான்.

நான்காவது, உதிரி. குடுவையும் சல்லடையும் தனியாகக் கிடைக்கிற பிரஸ்ஸாக வாங்குங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். 2020இல் முதல் குடுவை உடைந்தது. சக்கையை எடுக்க ஸ்டீல் கரண்டியை விட்டுச் சுரண்டுவது என் வழக்கம். ஒரு நாள் வெந்நீர் ஊற்றியதும் 'டிக்' என்று ஒரு சத்தம், அடியிலிருந்து நூல் போல ஒரு கோடு மேலே ஏறியது. சிங்க்குக்குக் கொண்டுபோவதற்குள் அடி தனியாகக் கழன்று விழுந்தது. அப்போது ஊரடங்கு நேரம். எந்தப் பிரஸ்ஸுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்த 600 மில்லி குடுவை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். சட்டத்தில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் கண்ணாடி மெலிதாக இருந்ததால் உள்விட்டம் கொஞ்சம் அதிகம். அழுத்தும்போதெல்லாம் ஓரமாகப் பொடி மேலே வந்தது. விற்றவர்கள் திருப்பி எடுக்கவில்லை. ஆறு மாதம் டீ வடிகட்டியை வைத்தே ஊற்றிக் குடித்துவிட்டு, பிறகு அந்தப் பிரஸ் செய்த நிறுவனத்தின் குடுவையையே தேடி வாங்கினேன். உதிரி வாங்கும் முன் பழைய குடுவையின் உள்விட்டத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 600 மில்லி என்பதை மட்டும் நம்பாதீர்கள். அதற்குப் பிறகு என் பிரஸ்ஸுக்குள் ஸ்டீல் கரண்டி போனதே இல்லை.

இப்போது கழுவுவதற்கு வருகிறேன். 2022இல் ஒரு கட்டத்தில் காபி ருசி கெட ஆரம்பித்தது. ஆறினால் ஒரு காறல் வாடை, பழைய கடலை எண்ணெய் மாதிரி. கொட்டை பழசு என்று நினைத்து ஏற்காட்டுக் கொட்டைக்கு மாறினேன். அதுவும் அப்படியே. குடகுக்கு மாறினேன். வறுத்து ஐந்தே நாளான பாக்கெட். அதுவும் அப்படியே. அப்போதுகூட எனக்குப் பிரஸ் மேல் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதானே இருக்கிறேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித் தட்டைத் திருகினேன். நகரவில்லை. வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, துணியால் பிடித்துத் திருகியபோது மெதுவாகச் சுழன்றது. சுருள் தட்டுக்கும் சல்லடைக்கும் நடுவே, தார் பூசியது மாதிரி கறுப்பாக ஒரு படலம். விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. மூக்கருகே கொண்டுபோனேன், கோப்பையில் வந்த அதே காறல்.

காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. காகித வடிகட்டி அதைப் பெரும்பாலும் உறிஞ்சி நிறுத்திவிடும். பிரஸ்ஸில் அப்படியே கோப்பைக்கு வருகிறது, வாய் நிறைகிற அந்தக் கனம் அதனால் வருவதுதான். அதே எண்ணெய் சல்லடையின் மடிப்புகளில் தங்கிக் காற்றுப் பட்டுக் காறிப்போகிறது. மேலாகச் சோப்புப் போட்டால் மடிப்புக்குள் போகாது. இரண்டு மாதமாக நல்ல கொட்டைகளை எல்லாம் அந்தப் படலத்தின் வழியாக வடித்துக் குடித்திருக்கிறேன் என்று தெரிந்தபோது உண்மையிலேயே மனசு கஷ்டப்பட்டது.

அன்றிலிருந்து முறை இதுதான். தினமும், குடித்து முடித்த கையோடு, குடுவையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றிச் சக்கையை ஒரு வடிகட்டியில் கொட்டுவேன். சல்லடையைக் குழாயடியில் கீழ்ப்பக்கமாகக் காட்டி, தண்டை இரண்டு மூன்று தரம் தண்ணீருக்குள் ஏற்றி இறக்குவேன். காயவிட்டால் துணுக்குகள் சல்லடைக் கண்களுக்குள் பிடித்துக்கொள்ளும். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மூன்று துண்டுகளாகக் கழற்றி, பழைய டூத்பிரஷ்ஷில் மணமில்லாத சோப்பைத் தொட்டு வட்டமாகத் தேய்ப்பேன். மாதம் ஒரு முறை, அகலமான கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, துண்டுகளை அரை மணி நேரம் ஊறவிடுவேன். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறும். மாறாவிட்டால் அந்த மாதம் ஒழுங்காகக் கழுவியிருக்கிறேன் என்று அர்த்தம். ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்காதீர்கள், சல்லடையின் ஓரக் கம்பி பிரிந்துவிடும். கம்பி ஒன்று பிரிந்து வெளியே நீட்டினாலும் சல்லடையை மாற்றிவிடுங்கள், குடுவையின் உட்பக்கத்தைக் கீறுவது அதுதான். எனக்கு ஒரு சல்லடை சுமார் இரண்டு வருடம் வருகிறது.

திரும்ப மாட்டும்போது சல்லடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருள் கம்பியைத் தழுவி நிற்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் திருகு பொருந்தும், ஆனால் அழுத்தும்போது ஓரம் மடங்கிவிடும். எங்கள் வீட்டு வேலையில் உதவும் அக்காவுக்கு இதை ஒரு முறை காட்டினேன். அப்புறம் அவர் என்னைவிடச் சரியாக மாட்டுகிறார்.

2021இல் சென்னைக்கு, ஓ.எம்.ஆர். பக்கம் குடிவந்தபோது வேறு ஒரு பிரச்சினை சேர்ந்தது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர், கழுவிக் கவிழ்த்தால் குடுவை பளிங்கு மாதிரி காயும். இங்கே போர்வெல் தண்ணீர். மூன்றே வாரத்தில் குடுவையில் வெள்ளையாக உப்புப் படிந்து, சோப்புக்கு அசையவில்லை. ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெந்நீரில் கரைத்துக் கால் மணி நேரம் வைத்தால் போய்விடுகிறது, வினிகரும் கேட்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சோடாவும் எலுமிச்சை உப்பும் ஒரே தண்ணீரில் வேண்டாம். பொங்கி நுரைக்கும், ஆனால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டும் வேலை செய்யாது. சோடா எண்ணெய்க்கு, எலுமிச்சை உப்பு உப்புக்கறைக்கு, தனித்தனி நாளில். கழுவியதும் துணியால் துடைத்து வைத்தால் கறை பாதியாகக் குறையும்.

காபி போடும் தண்ணீரிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் அதே கொட்டை, அதே அளவு போட்டும் காபி சப்பென்று இருந்தது. தாது உப்பே இல்லாத தண்ணீர் கொட்டையின் ருசியைச் சரியாக வாங்கிக்கொள்ளாது. சர்வீஸுக்கு வந்தவரிடம் சொல்லி, மெஷினில் உப்பின் அளவைக் கொஞ்சம் கூட்டி வைத்த பிறகுதான் பழைய ருசி வந்தது.

சக்கையை சிங்க்கில் கொட்டவே கூடாது. குழாய் வளைவில் களிமண் மாதிரி உட்கார்ந்துவிடும், பிளம்பரை அழைத்த பிறகு இது எனக்குத் தெரியும். செடிக்கு நல்லது என்று தொட்டி மேலே தடிப்பாகப் பரப்புவதும் வேண்டாம். காய்ந்தால் பொருக்குத் தட்டித் தண்ணீரை உள்ளே விடாது. மட்கு உரத் தொட்டியில் காய்ந்த இலையோடு கலந்து போடுகிறேன்.

உடம்பு பற்றியும் ஒரு வார்த்தை. என் மாமனாருக்குக் கொழுப்பு அதிகம் என்று வந்தபோது, மருத்துவர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதோடு காபியை எதில் வடிக்கிறீர்கள் என்றும் கேட்டார். எனக்கு அது புதிதாக இருந்தது. காபி எண்ணெயில் கஃபெஸ்டால் என்ற பொருள் இருக்கிறது, அது ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் என்பது 1990களில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில் தெளிவானது. காகிதத்தில் வடித்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும், உலோகச் சல்லடை நிறுத்தாது. மாமா வந்தால் பிரஸ்ஸில் போட்ட காபியையே ஒரு காகித வடிகட்டி வழியாக ஊற்றித் தருகிறேன். கனம் குறையும், மணம் இருக்கும். கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் மூன்று நான்கு கோப்பை பிரஸ் காபி குடிப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

கொட்டையில் நான் போய் நின்ற இடம் சிக்மகளூர் ப்ளாண்டேஷன் ஏ (கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் ஒரு தரம்), நடுத்தர வறுவல். பால் விடாமல் குடிக்கும்போது, கருக வறுத்தது பிரஸ்ஸில் வெறும் கசப்பாகத்தான் ஊறுகிறது. மழைக்காலத்தில் மட்டும் மான்சூன்ட் மலபார் வாங்குவேன். மங்களூர்க் கரையோரம் பருவக்காற்றின் ஈரத்தில் வாரக்கணக்கில் போட்டு வைப்பதால் கொட்டை வெளுத்து உப்பிப்போகிறது, புளிப்பு அடங்கிவிடுகிறது. புளிப்பு வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் சரி. எதுவானாலும் 250 கிராமுக்கு மேல் ஒரே தடவையில் வாங்குவதில்லை.

வெயில் காலத்தில் இதே பிரஸ் குளிர்காபிக்கும் உதவுகிறது. இரவு 60 கிராம் பொடியை 500 மில்லி குளிர்ந்த தண்ணீரில் கலந்து, தண்டை இறக்காமல் பிரிட்ஜில் வைத்தால் காலையில் அழுத்தி ஊற்றிக்கொள்ளலாம். கசப்பே இருக்காது. இஞ்சி டீ மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள். ஒரு முறை போட்டேன், இஞ்சி வாசனை நாலு நாள் போகவில்லை.

போன மாதம் மாமியார் வந்திருந்தார். மதியம் தூங்கி எழுந்து சமையலறை வாசலில் நின்று, "கண்ணு, அந்தக் கண்ணாடில போடுவியே, அதுல எனக்கு ஒரு அரை டம்ளர் குடு. பால் வேண்டாம்," என்றார். நாட்டுச் சர்க்கரை கொஞ்சம் போட்டுக் கொடுத்தேன். அடியில் மண்டியை மட்டும் விட்டுவிட்டுக் குடித்தார். டம்ளரைக் கழுவ எடுத்தவர், கூடவே பிரஸ்ஸையும் எடுத்து, தட்டைத் திருகிச் சல்லடையைத் தனியாகக் கழற்றினார்.

"ஓரத்துல ஒரு கம்பி நீட்டிட்டு இருக்குது பாரு," என்றார்.

உதிரிச் சல்லடை அலமாரியில் இருந்தது. அன்றைக்கே மாற்றினேன்.